காற்றுக்கு எடுத்த டிக்கெட்

நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எங்காவது ரோட்டோரம் நின்று, வருகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறுவேன். ஏறியதும் முதலில் முகங்களைத்தான் பார்ப்பேன், டிக்கெட்டெல்லாம் அப்புறம். ஜன்னல் பக்கம் சட்டென்று திரும்புகிறவர், சட்டைப் பையை இரண்டு தடவை தடவுகிறவர், தூங்குகிற மாதிரி வாயைத் திறந்து வைத்திருப்பவர், இவர்களையெல்லாம் படியில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இருபது வருஷம் இந்த வேலை பார்த்தால் கண் அப்படிப் பழகிவிடும். வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிப் போடலாம், அந்தக் கண்ணை எங்கே கழற்றிப் போடுவது? பால்காரர் பால் ஊற்றும்போது அளவுக் குவளைக்குள் அவர் கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர் அதிகமாகச் சிரித்தால், ஏதோ கேட்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிடுவேன்.

என் ஒரே மகள் சிதம்பரத்தில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். சேர்ந்த சில மாதங்களில் ஏர் ரைஃபிள் சுடப் பழகுகிறேன் என்று போனில் சொன்னாள். பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு, இதற்குப் பின்னால் வேறு ஏதோ விஷயம் இருக்கிறது என்று நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நின்றேன். பழைய அரிசி மில் கொட்டகை ஒன்றைத் தடுத்து ரேஞ்ச் ஆக்கியிருந்தார்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் ஒரு புள்ளி. மகள் கனத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து அசையாமல் நின்றாள். ஒரு மணி நேரம் ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வீட்டில் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் பார்ப்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வருஷம் அவளுக்கென்று ஒரு ரைஃபிள் வாங்கினோம். அப்போதுதான் காற்றுப் பிரச்சினை ஆரம்பித்தது. இந்தத் துப்பாக்கிக்கு வெடிமருந்து கிடையாது, காற்றுதான் குண்டைத் தள்ளும். குழலுக்குக் கீழே கைப்பிடி அளவில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் இருநூறு பார் அழுத்தத்தில் காற்றை அடைக்க வேண்டும். லாரி டயரில் இருப்பதைவிட இருபத்தைந்து மடங்கு அழுத்தம் அது. பஞ்சர் கடையில் போய் ரொப்ப முடியாது.

முதலில் கை பம்ப் வாங்கினோம். சைக்கிள் பம்ப் மாதிரிதான் இருக்கும், ஆனால் கடைசி ஐம்பது பாருக்கு என் முழு எடையையும் போட்டு அமுக்க வேண்டும். மூச்சு வாங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது உள்ளே தள்ளிய ஈரத்தை என்ன செய்வது? எங்கள் கடலூரில் அடிப்பது கடல் காற்று. துவைத்த துணி இரண்டு நாள் காயாத ஊரில், அந்தக் காற்றை அப்படியே அடைத்தால் தண்ணீரும் சேர்ந்துதான் போகும். ஆறு மாதத்தில் ரைஃபிளின் வால்வில் துரு ஏறி, மாவட்டப் போட்டியில் குண்டுகள் கீழே கீழே போய் விழுந்தன. மகள் அழவில்லை. "நல்ல காத்து இருந்தா போதும்பா, மத்தத நான் பாத்துக்குவேன்" என்றாள்.

அந்தக் கொட்டகையில்தான் பாய் அறிமுகமானார். சிதம்பரத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தார், சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தன்னுடைய ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு அட்டை சுட்டுவிட்டுப் போவார். இரண்டாவது சந்திப்பிலேயே என்னை "மாமா" என்று கூப்பிட்டார். பஸ்ஸில் என்னை மாமா என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அதையும் ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

"கம்ப்ரசர் ஒண்ணு வருது மாமா. எங்க அண்ணன் துபாய்லேர்ந்து அனுப்புறாரு. கடல்ல முங்குறவங்க சிலிண்டர் ரொப்புற மிஷின். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிக்கலாமா?" என்றார் ஒரு நாள்.

பரங்கிப்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்திருந்தார்கள். போர்ட்டபிள் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது, ஆனால் இரண்டு ஆம்பிளைகள் இரண்டு பக்கமும் பிடித்தால்தான் தரையை விட்டு எழும்பும். நீலப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பழைய பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் டிப்போவில் வேலை பார்த்தவன் நான். குனிந்து பெயிண்டை முகர்ந்தேன். திருகாணிகளின் தலையில் ஸ்பானர் பட்ட காயம் இருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு, மீட்டரின் கம்பி அறுந்து ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். பாய் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"நல்லா பாருங்க மாமா. பாக்காம வாங்குறவனத்தான் நம்பக் கூடாது."

பிறகு அவரே காட்டிக் கொடுத்தார். ஓட்டுவதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கேயும் பிடிக்கக் கூடாது. எண்ணெயை ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும், வெள்ளையாக மோர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இருநூறு பார் வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும், ஜாஸ்தி ஆனால் உள்ளே தேய்மானம். ரொப்பிய பிறகு சிலிண்டர் வாய் வழியே கொஞ்சம் காற்றை வெள்ளைத் துணியில் விட வேண்டும், ஈரமோ கறையோ தெரியக் கூடாது. எல்லாவற்றிலும் மிஷின் தேறிவிட்டது. குறையே இல்லாத சாமானை ஏன் விற்கிறார்கள் என்று யோசித்தபடியே வாங்கினேன்.

கரண்ட் வசதிக்காக மிஷினைச் சிதம்பரத்தில் பாயின் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் வைத்தோம். முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் பெரிய மஞ்சள் சிலிண்டர் ஒன்று பாயிடம் இருந்தது. மிஷின் அதை ரொப்பும். அதிலிருந்து மகள் தன் ரைஃபிளுக்குப் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு நோட்டில் துளை போட்டுச் சணல் கோத்து மிஷினில் தொங்கவிட்டேன். எந்தத் தேதி, எத்தனை நிமிடம் ஓடியது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வடிகால் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினார்களா, எண்ணெய் மட்டம் என்ன, காற்றை வடிகட்டும் கரி ஃபில்டர் மாற்றியது எப்போது, எல்லாம் எழுத வேண்டும். கடலோர ஊர் என்பதால் ஃபில்டருக்கு மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த ஆயுளைப் பாதியாக்கினோம். பாய் ஒன்று விடாமல் எழுதினார். கையெழுத்து அழகாக வேறு இருந்தது. இத்தனை ஒழுங்காக எழுதுகிற கண்டக்டர்களை நான் எப்போதுமே இரண்டு தடவை செக் பண்ணுவேன்.

செக் பண்ணினேன். சாயங்காலம் சிலிண்டர் இருநூறு காட்டும். மறுநாள் காலையில் போனால் நூற்றெண்பதுதான் இருக்கும். இருபது பார் எங்கே போயிற்று? யாருக்கோ திருட்டுத்தனமாகக் காற்றை விற்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மீட்டர் கண்ணாடியில் முள் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். சிலிண்டர் வாயில் நூல் கட்டினேன். மறுநாள் நூல் அப்படியே இருந்தது, முள் மட்டும் இறங்கியிருந்தது. நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தெரிந்த திருடன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாயே நூலைக் காட்டி, "இது என்னாத்துக்கு மாமா?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அப்போதுதான் ரொப்பிய சிலிண்டரில் என் கையை எடுத்து வைத்தார். டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

"சூட்டுல காத்து உப்பிக் காட்டுது. ஆறுனா முள்ளு எறங்கிடும். யாரும் எடுத்துக்கிட்டுப் போவல. மெதுவா ரொப்பி, ஆற வுட்டு, மேல கொஞ்சம் ரொப்பணும், அவ்ளோதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பென்சில் கோட்டை நான் அழிக்கவில்லை.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. மகளின் புள்ளி ஏறிக்கொண்டே வந்தது. 2012இல் அவளுக்குக் கடைசி வருஷம். தீபாவளி முடிந்து சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளியைத் தொட்டால் தேசியப் போட்டிக்குப் போகலாம். தொடாவிட்டால் காலேஜும் முடிந்து துப்பாக்கியும் பரணுக்குப் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருஷம்தான் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் வந்தால் ஒரு மணி நேரம் போகும். கரண்ட் வந்ததும் பாய் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முதலில் எங்கள் மிஷினை ஓட்டுவார்.

ஆயுத பூஜை வந்தது. டிப்போவில் வருஷா வருஷம் பஸ்ஸுக்குச் சந்தனம் வைக்கிற ஆள் நான்தான். மிஷினில் பாதி என்னுடையது, அதற்குப் பூஜை போடாமல் இருக்க மனது கேட்கவில்லை. பொரி, கடலை, வாழைப்பழம், சந்தனம், குங்குமத்தோடு கடைக்குப் போனேன். பாய் அறையைக் கூட்டி வைத்திருந்தார். மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். "பண்ணுங்க மாமா" என்று ஒதுங்கி நின்றார். எண்ணெய்ப் பசையில் பொட்டு ஒட்டாது என்பது டிப்போ அனுபவம். அதனால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். மோட்டாரில் ஒன்று, சக்கர மூடியில் ஒன்று, முன்பக்கம் நட்டநடுவில் நெற்றி மாதிரி இருந்த எண்ணெய் மூடியில் பெரியதாக ஒன்று. சூடம் காட்டினேன். பாய் பொரியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போட்டிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் போனோம். மகள் வழக்கம்போல் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காற்றை விட்டாள். துணியில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. முகர்ந்தால் எண்ணெய் நாற்றம். மிஷினுக்கு அடியிலும் எண்ணெய் கசிந்திருந்தது. அந்தக் காற்றை ரைஃபிளுக்குள் விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப் போகும், அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடிக்கவும் செய்யும். மகள் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். போட்டிக்கு ஆறு நாள் இருந்தது.

நான் நேராக எண்ணெய் டப்பாவைப் போய்ப் பார்த்தேன். கம்ப்ரசருக்கென்று வருகிற எண்ணெய், சீல் உடைந்திருந்தது. பக்கத்திலேயே ஸ்கூட்டர் எண்ணெய் டப்பா ஒன்றும் இருந்தது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"எந்த எண்ணெயை ஊத்துனீங்க பாய்?"

"நம்ம எண்ணெய்தான் மாமா. நோட்டுல எழுதியிருக்கேன்."

"நோட்டுல எது வேணா எழுதலாம். என் பொண்ணு வாழ்க்கையில வெளையாடாதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து மிஷினைச் சுற்றிப் பார்த்தார். அவர் கை எண்ணெய் மூடி வரைக்கும் போயிற்று. போய், தொடாமல் திரும்பி வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சட்டைப் பை வரை போய்த் திரும்புகிற கைகளை இருபது வருஷமாகப் பார்த்தவன் நான். ஆள் மாட்டிக்கொண்டான் என்று தீர்மானித்தேன்.

"மிஷினை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். எங்க ஊர்ல நல்ல மெக்கானிக் இருக்காங்க."

"எடுத்துக்கிட்டுப் போங்க மாமா" என்றார். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. மகள் வாசலுக்கு வந்த பிறகு, "அவுங்க உங்களுக்கு என்னாப்பா பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை ஒரு மினி வேன் பிடித்து மிஷினைக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் சிலிண்டர் பாயினுடையது என்பதால் அங்கேயே இருந்தது. முதுநகரில் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் மிஷினை விட்டேன். அவருக்கு நேரம் கிடைத்தது புதன்கிழமை. நான் போய் நின்றபோது எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்து, விரலில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் சுத்தமான எண்ணெய்தான். சரியான எண்ணெய்தான்."

"அப்ப எப்படிக் காத்துல வருது?"

அவர் எண்ணெய் மூடியைக் கழற்றினார். அதன் நடுவில் கெட்டியாகக் காய்ந்துபோன சந்தனம், மேலே குங்குமம். ஊக்கை எடுத்துக் குத்தினார். குங்குமமும் சந்தனமுமாக ஒரு சிறு கட்டி பெயர்ந்து விழுந்தது. அது இருந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை.

"இது மிஷின் மூச்சு வுடுற ஓட்டை சார். இத அடைச்சுட்டா உள்ள அழுத்தம் ஏறி எண்ணெய் எங்க போவும்? காத்தோட சேந்து மேலதான் வரும். யாரு இங்க பொட்டு வச்சது?"

என் கட்டைவிரல் ரேகை அந்தச் சந்தனத்தில் அப்படியே பதிந்திருந்தது. எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன், ஒருவர்கூட இவ்வளவு தெளிவாக அடையாளம் விட்டுவிட்டுப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாயின் கை மூடி வரைக்கும் போய்த் திரும்பியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதுநகர் பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படி நடந்து போனேன் என்று ஞாபகம் இல்லை.

கரி ஃபில்டர் முழுக்க எண்ணெயில் ஊறிப்போயிருந்தது, புதிது சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதற்குள் போட்டி முடிந்துவிடும். மகளுக்கு நான்கு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பாய்க்கு அடிக்க நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நானே நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. டியூட்டி முடிந்ததும் நேரே பாய் கடைக்குப் போய்க் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

மகள் அந்தப் போட்டியில் தேறிவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு புள்ளி மிச்சத்தில் தேறினாள். ஆனால் எனக்கு மறக்காதது அந்த வியாழக்கிழமை பஸ்தான்.

புதுச்சத்திரத்தில் நின்று கை காட்டினேன். பாண்டிச்சேரியிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். முன் படியில் ஏறி, பழக்கப்படி முகங்களைப் பார்த்தேன். நாலாவது வரிசையில் பாய் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலுக்கும் நடுவே, பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார் அந்த மஞ்சள் சிலிண்டரை. போர்வை விலகிய இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பையைத் தடவவுமில்லை. நான் ஒவ்வொரு வரிசையாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய் நின்றதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"பாப்பாதான் பாண்டிச்சேரியில முங்குறவங்க கடை இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லுச்சு. சிலிண்டர்ல இருந்த எண்ணெய் போக வெந்நீர் ஊத்திக் கழுவி, ரெண்டு நாளு வெயில்ல கவுத்து வச்சேன். இப்ப உள்ள இருக்குறது அங்க ரொப்புன சுத்தமான காத்து மாமா. துணியில வுட்டுப் பாத்துட்டேன்."

"பாய், அந்த மூடி..." என்றேன். "நீங்க அன்னிக்கே பாத்துட்டீங்க. ஏன் சொல்லல?"

அவர் சிலிண்டர் மேல் போர்வையை இழுத்து விட்டார்.

"அன்னிக்குத்தான் நானும் கவனிச்சேன் மாமா. நீங்க சாமி கும்பிட்டு வச்ச பொட்டு. தெனம் மிஷினைத் தொடைப்பேன், அத மட்டும் தொட மாட்டேன். நீங்க அவ்ளோ கோவமா நிக்கிறீங்க. அப்ப போயி, ஒங்க பூஜையாலதான் கெட்டுச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கண்டக்டர் வந்து நின்றார், இன்ஸ்பெக்டர் ஒரே சீட்டில் இவ்வளவு நேரம் நின்றால் கேஸ் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். விதிப்படி அழுத்தம் ஏற்றிய சிலிண்டரைப் பஸ்ஸில் ஏற்றவே கூடாது. நான் அதை இறக்கியிருக்க வேண்டும், கண்டக்டர் மேலும் ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். பாய்க்கும் அது தெரிந்திருக்கும் போல. சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீட்டினார். ஒன்று அவருக்கு. இன்னொன்று லக்கேஜ், காற்றுக்கு.

"செக் பண்ணிக்குங்க மாமா" என்றார். குரலில் கிண்டல் கொஞ்சமும் இல்லை.

நான் டிக்கெட்டை வாங்கவில்லை. அவர் கையை அப்படியே மடக்கி, என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை ஒழியவில்லை. பிறகு அவரைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனேன். பின்னால் நின்ற கண்டக்டர், டிக்கெட்டைப் பார்க்காமலே ஒரு ஆளை விட்டுவிட்ட என்னை, சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.